தலைக்கு எண்ணெய்: முடியிழையில் நடப்பது என்ன?

தலைமுடிக்கு எண்ணெய் தேய்ப்பவர்களில் பெரும்பாலோர் எதிர்பார்ப்பது வளர்ச்சியை. எந்த எண்ணெய் அடர்த்தியைத் தரும், எது நீளத்தைக் கூட்டும் என்பதே முதல் கேள்வியாக வருகிறது. தாவர எண்ணெய்களைப் பற்றிய ஆய்வுகளில் ஓரளவு உறுதியாகத் தெரிய வந்திருப்பதோ வேறொன்று: முடியைக் கழுவும்போதும் சீவும்போதும் ஏற்படும் தேய்மானத்தைச் சில எண்ணெய்கள் குறைக்கின்றன, அதிலும் கழுவுவதற்கு முன்பே பூசியிருந்தால் நன்றாகக் குறைக்கின்றன. முடி நடுவில் உடையாமல் நின்றால் நீளம் தானாகக் கூடித் தெரியும் என்பதால், காப்பதையும் வளர்ப்பதையும் ஒன்றாக எண்ணிவிடுவது இயல்புதான். ஆனாலும் எந்த எண்ணெயை, எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு பூசுவது என்பதெல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் தெளிவாகும்.

முடியில் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்கால் மட்டுமே. தோலுக்கு வெளியே நீண்டு நிற்கும் இழை, கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற நார். அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றலும் இல்லை. ஆகவே முடிக்கு 'ஊட்டம்' தரும் எண்ணெய் என்று சொல்வதில் பொருளில்லை; உண்பதற்கு அங்கே எந்த உயிரணுவும் கிடையாது. இழையின் நடுவில் அதற்கு வலிமை தரும் கெரட்டின் நார்கள் நிறைந்த உட்பகுதி இருக்கிறது. அதைச் சுற்றி, கூரையில் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைப் போல, மெல்லிய செதில்கள் பல அடுக்குகளாக வேர்ப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. இந்தச் செதில்கள் படிந்திருக்கும் வரை முடி வழுவழுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அவை தூக்கிக்கொண்டோ உதிர்ந்தோ போனால் சொரசொரப்பு, சிக்கு, நுனிப்பிளவு என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும். ஓர் இழையை இரு விரல்களுக்கிடையே பிடித்து, வேரிலிருந்து நுனிக்கு ஒருமுறையும் நுனியிலிருந்து வேருக்கு ஒருமுறையும் உருவிப் பார்த்தால் செதில்களின் திசையை விரலே உணரும். முதலில் வழுக்கிச் செல்லும் விரல், திரும்பி வரும்போது சற்றுத் தடுக்கும்.

செதில்களின் மேற்பரப்பில் 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம், ஒட்டி நிற்காமல் வேதிப்பிணைப்பாகவே இணைந்திருக்கிறது. ஆரோக்கியமான முடியில் தண்ணீர் சட்டென்று பரவாமல் முத்துமுத்தாக நிற்பதற்கு இதுவே காரணம். நிறம் நீக்கும் பிளீச்சிங்கும் காரத்தன்மை மிகுந்த வேதிச் சிகிச்சைகளும் முதலில் அழிப்பது இந்த அடுக்கைத்தான். ஒருமுறை போன அடுக்கை எந்த எண்ணெயாலும் திரும்பப் பிணைக்க முடியாது. அது தந்த வழுவழுப்பைத் தற்காலிகமாக ஈடுசெய்ய மட்டுமே முடியும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 36 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது 3 ஆண்டுகள். வாரத்துக்கு இருமுறை தலை கழுவுபவரின் அந்த நுனி 300 முறைக்கு மேல் நனைந்து, உலர்ந்து, சீப்புக்கும் துவாலைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்திருக்கிறது. தலைத்தோலின் சுரப்பிகளிலிருந்து வரும் இயற்கையான எண்ணெய்ப்பசை வேர்ப்பகுதியைக் காத்தாலும் நுனி வரை போதுமான அளவில் வந்து சேர்வதில்லை. சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவும் அதைத் தடுப்பதால் நுனி மேலும் வறண்டுவிடுகிறது. எண்ணெய் மிகத் தேவைப்படும் இடம் நுனியும் நடுநீளமும்தான். ஆனால் பழக்கத்தில் பெரும்பாலான எண்ணெய் போய்ச் சேர்வதோ, அது குறைவாகத் தேவைப்படும் உச்சந்தலையில்.

சேதத்தின் பெரும் பங்கு தண்ணீரோடு தொடர்புடையது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். நனைந்த முடியின் விட்டம் சுமார் 15 சதவீதம் வரை பருக்கிறது. நீளம் கூடுவதோ மிகச் சிறிதளவே. உட்பகுதி ஊதும்போது மேலிருக்கும் செதில்கள் விளிம்பில் தூக்கிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் விரல்களால் பிசைவதும் துவாலையால் அழுத்தித் தேய்ப்பதும் சீப்பை இழுப்பதும் தூக்கிய விளிம்புகளைச் சிதைத்துவிடுகின்றன. இழையிலிருந்து புரதமும் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுகிறது. ஈரமுடி உலர்ந்த முடியைவிடக் கூடுதலாக இழுபட்டு, குறைந்த விசையிலேயே அறுபடவும் செய்கிறது. இந்த ஊதுதலும் சுருங்குதலும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்தால் நார் தளர்ந்துபோகிறது.

இந்த இடத்தில்தான் எண்ணெய் உதவுகிறது. 2003-இல் ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சேதமில்லாத முடியோடு, பிளீச் செய்த முடி, வேதிச் சிகிச்சைக்கு உள்ளான முடி, புறஊதாக் கதிர் பட்ட முடி எனச் சேதப்படுத்திய மாதிரிகளிலும் எண்ணெய் பூசி, கழுவியபோதும் சீவியபோதும் எவ்வளவு புரதம் இழக்கப்படுகிறது என்று அளந்தார்கள். மூன்றில் தேங்காயெண்ணெய் ஒன்றுதான் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. கழுவுவதற்கு முன் பூசினாலும் பின் பூசினாலும் அந்தப் பலன் தெரிந்தது. மற்ற இரண்டும் இந்த ஒரு விஷயத்தில் உதவவில்லை. ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதையும், சோதிக்கப்பட்டவை தலையிலிருந்து பிரித்தெடுத்த முடிக்கற்றைகள் என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் எண்ணெய் இழைக்குள் புகுகிறதா என்ற கேள்வி வேறு முறையிலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், மின்னேற்றம் பெற்ற துகள்களின் பாய்ச்சலான அயனிக் கற்றையைக் கொண்டு முடியின் குறுக்குவெட்டை ஆராய்ந்தபோது, தேங்காயெண்ணெய் இழைக்குள் ஊடுருவியிருந்ததும் கனிம எண்ணெய் உள்ளே புகாமல் மேற்பரப்பிலேயே நின்றதும் தெரிந்தன.

காரணம் மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் சங்கிலியில் 12 கார்பன் அணுக்கள் மட்டுமே உண்டு, இரட்டைப் பிணைப்பு ஏதும் இல்லாததால் சங்கிலி வளையாமல் நேராக நீள்கிறது. இப்படிச் சிறிதாகவும் நேராகவும் இருக்கும் கொழுப்பு, செதில்களுக்கு இடையிலான நுண்ணிய வழிகளில் நுழைந்து, புரதத்தோடு ஒட்டும் தன்மையும் கொண்டிருக்கிறது. உள்ளே போய் இடம் பிடித்த எண்ணெய் தண்ணீர் நுழையும் அளவைக் குறைப்பதால் இழை குறைவாக ஊதுகிறது, செதில்களும் குறைவாகத் தூக்குகின்றன. சூரியகாந்தி எண்ணெயில் மிகுதியாக உள்ள லினோலியிக் அமிலத்தில் 18 கார்பன்களும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் இருப்பதால் அந்த மூலக்கூறு வளைந்து, அகன்று நிற்கிறது, நுழைவது கடினமாகிறது. கனிம எண்ணெய் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட வெறும் ஹைட்ரோகார்பன் என்பதால் புரதத்தோடு அதற்கு ஈர்ப்பே இல்லை.

இதை வைத்துக்கொண்டு மற்ற எண்ணெய்களை வீணென்று ஒதுக்குவது சரியாகாது. உள்ளே புகாத எண்ணெயும் வெளியே ஒரு மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைத்து, மினுமினுப்பைத் தரும். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலத்தில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புதான். ஆர்கன் எண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும் கலந்திருக்கின்றன. இவை கழுவிய பிறகு நுனியில் மிகச் சிறிதளவு தடவுவதற்கு ஏற்றவை. ஜோஜோபா, எண்ணெய் என்ற பெயரில் அறியப்பட்டாலும் உண்மையில் திரவநிலையிலுள்ள ஒரு மெழுகு வகை (மெழுகு எஸ்டர்). காற்றில் எளிதில் கெடுவதில்லை, தோலின் இயற்கைப் பசையில் உள்ள ஒரு கூறை ஒத்திருக்கிறது. தேங்காயெண்ணெயோ சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் குளிரான இடங்களில் முடி விறைத்தாற்போல் தோன்றும். மெல்லிய முடி உள்ளவர்களுக்கு அது கனமாகவும் இருக்கலாம். விலை மிகுந்த, தொலைதூரத்துப் பெயர் கொண்ட எண்ணெய்தான் சிறந்தது என்ற எண்ணத்துக்கு மேலே சொன்ன வேதியியலில் எந்த ஆதாரமும் இல்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

விளக்கெண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முடி வளர்ச்சிக்கென்று மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவது அதுதான். அதன் கொழுப்பமிலங்களில் சுமார் 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். அதிலுள்ள, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதியால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் அந்த எண்ணெய் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது. அது முடியை வளர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க மருத்துவச் சோதனை ஆதாரம் இல்லை. தேங்காய், விளக்கெண்ணெய், ஆர்கன் மூன்றையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஒரு மதிப்பாய்வும், எளிதில் உடையும் முடிக்குத் தேங்காயெண்ணெய் உதவுவதற்கு ஆதாரம் உண்டு என்றும் வளர்ச்சியைப் பொறுத்தவரை ஆதாரம் பலவீனமானது என்றும்தான் கண்டது. கெட்டித்தன்மை தரும் ஆபத்தும் ஒன்று உண்டு, அரிதானது என்றாலும். நீண்ட முடியில் விளக்கெண்ணெயைப் பூசிக் கழுவியபின் முடி முழுவதும் பறவைக் கூடுபோல் திடீரெனத் திரண்டு, பிரிக்க முடியாத சிக்காகிவிட்ட ஒரு நிகழ்வு 2017-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அந்த நிலைக்கு வந்த முடியை வெட்டுவதைத் தவிர வேறு வழி பொதுவாக இருப்பதில்லை. விளக்கெண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் அதை வேறொரு இலகுவான எண்ணெயில் சிறு பங்காகக் கலந்து, தலைமேல் குவித்துப் பிசையாமல், நீளவாக்கில் நீவிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

இனி பூசும் முறை. கழுவுவதற்கு முன் பூசும் எண்ணெய் உலர்ந்த, சிக்கெடுத்த முடியில் பூசப்பட வேண்டும். ஏற்கெனவே நனைந்து ஊதிய இழையில் தண்ணீர் பிடித்துவிட்ட இடத்தை எண்ணெய் எளிதில் பெறாது. தோள்வரை உள்ள முடிக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் அளவு, பெரும்பாலும் போதும். உள்ளங்கைகளில் பரப்பிக்கொண்டு முடியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, முதலில் நுனிப்பகுதியிலும் பிறகு நடுநீளத்திலும் கீழ்நோக்கி நீவ வேண்டும். மேலே சொன்னபடி வேரிலிருந்து நுனிக்குச் செல்லும் திசையிலேயே நீவுவதால் செதில்கள் படியும். எண்ணெய் சொட்டும் அளவுக்குப் பூசுவதால் ஊடுருவல் கூடுவதில்லை. மிஞ்சியதைக் கழுவ ஷாம்புதான் கூடுதலாகத் தேவைப்படும், அந்தக் கூடுதல் தேய்ப்பே நாம் தவிர்க்க நினைத்த சேதத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஊடுருவல் மெதுவாக நடப்பது என்பதால் சில மணி நேரமோ, வசதிப்பட்டால் இரவு முழுவதுமோ விடலாம். அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றாலும் உராய்வைக் குறைக்கும் பலன் கிடைத்துவிடும். இளஞ்சூடு எண்ணெயைச் சற்று இளக்கிப் பரவ உதவும். அடுப்பில் காய்ச்சிய எண்ணெயை நேராகத் தலையில் ஊற்றுவது தோலைச் சுடும் என்பதால், கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசுவதே பாதுகாப்பு.

கழுவும்போது ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் வழியும் நுரையே நீளத்தைச் சுத்தம் செய்துவிடும். பிசுக்கு போகவில்லை என்றால் ஒரே முறையில் நிறைய ஷாம்பு போடுவதைவிட இரண்டு முறை சிறிதளவு போடுவது மேல். அதன்பின் கண்டிஷனர் தேவையா என்ற ஐயம் பலருக்கு வரும். எண்ணெயும் கண்டிஷனரும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. தேய்ந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கூடியிருக்கும்; கண்டிஷனரில் உள்ள நேர்மின் மூலக்கூறுகள் அத்தகைய இடங்களைத் தேடிப் பற்றிக்கொள்வதால் ஈரமுடியில் சீப்பு தடையின்றி இறங்குகிறது. தாவர எண்ணெயில் அந்த ஈர்ப்பு இல்லை. கழுவுவதற்கு முன் எண்ணெய், கழுவிய பின் கண்டிஷனர் என்ற வரிசையே நீண்ட முடிக்கும் நிறமூட்டிய முடிக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது. முடி உலர்ந்த பிறகும் நுனி பறந்துகொண்டிருந்தால் இரண்டு மூன்று துளி எண்ணெய் போதும். எண்ணெயில் தண்ணீர் கிடையாது, ஆகவே அது முடிக்கு ஈரத்தைத் தருவதில்லை. ஏற்கெனவே உள்ள ஈரம் வெளியேறும் வேகத்தை மட்டுமே குறைக்கிறது.

தலைத்தோல் வேறு கணக்கு. அங்கே மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லா மனிதரிடத்தும் வாழ்கிறது. தனக்குத் தேவையான கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்க இயலாத அது, தோலின் எண்ணெய்ப்பசையை நொதிகளால் உடைத்து, நிறைவுற்ற கொழுப்பமிலங்களை எடுத்துக்கொண்டு, ஒலியிக் அமிலம் போன்றவற்றை மிச்சமாக விடுகிறது. பொடுகுக்கு இயல்பாகவே ஆளாகும் தோலில் ஒலியிக் அமிலம் பட்டாலே தோல் செதிலாக உரிவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பொடுகை வறட்சி என்று எண்ணி அதன்மேல் எண்ணெயைப் பூசும்போது பொடுகுச் செதில்கள் நனைந்து ஒட்டிக்கொள்வதால் ஓரிரு நாள் குறைந்ததுபோல் தோன்றும். அரிப்பும் உரிதலும் பிறகு கூடிவிடும். அரிப்பு, சிவப்பு, பிசுபிசுப்பான மஞ்சள் செதில் இருப்பவர்கள் தலைத்தோலில் எண்ணெயை நிறுத்திவிட்டு, கெட்டோகொனசோல் அல்லது செலினியம் சல்பைடு உள்ள மருந்து ஷாம்புவைப் பயன்படுத்துவதே முறை. நெற்றியிலும் முடி தொடங்கும் ஓரத்திலும் சிறுசிறு பருக்கள் வரிசையாக எழுவதும் எண்ணெயால் வரலாம். தலையில் பூசும் பசைகளால் உண்டாகும் இந்தப் பருவகையைத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே விவரித்திருக்கிறார்கள். எண்ணெயை ஓரத்திலிருந்து விலக்கிப் பூசினாலே பெரும்பாலும் அது மெல்ல அடங்கும்.

நறுமண எண்ணெய்களை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ரோஸ்மேரி, தேயிலை மர எண்ணெய் போன்றவை காய்ச்சி வடித்தெடுத்த, ஆவியாகும் செறிவுகள். கொழுப்பு வகை எண்ணெய்கள் அல்ல. அவற்றை நேரடியாகத் தோலில் விட்டால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரலாம் என்பதால் வேறொரு எண்ணெயில் 1 முதல் 2 சதவீதம் வரை நீர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும், அதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். தேயிலை மர எண்ணெய் 5 சதவீதம் கலந்த ஷாம்பு பொடுகைக் குறைத்ததை 2002-இல் ஒரு சோதனை காட்டியது. ரோஸ்மேரி எண்ணெயைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தியின் பின்னணி 2015-இல் வெளியான ஒரே ஆய்வு. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் ஒரு பாதியினர் ரோஸ்மேரி எண்ணெயையும் மறுபாதியினர் முடி வளர்வதற்காகப் பூசப்படும் மருந்தான மினாக்சிடிலை 2 சதவீதச் செறிவிலும் 6 மாதம் பூசினார்கள். இரு குழுக்களிலும் முடி எண்ணிக்கை ஓரளவு கூடியது, இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மருந்தில்லாத போலிப்பூச்சைப் பூசிய மூன்றாவது குழு அதில் இல்லை, ஒப்பிட்ட மினாக்சிடிலும் குறைந்த செறிவுடையது. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம், மருந்துக்கு ஈடு என்று சொல்ல அது போதாது.

எண்ணெய் தேய்த்ததும் முடி கூடுதலாகக் கொட்டுகிறது என்ற அச்சமும், எண்ணெய் தேய்த்தால் கொட்டுவது நிற்கும் என்ற நம்பிக்கையும் ஒரே குழப்பத்திலிருந்து வருபவை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. வளர்ச்சி நின்ற ஓய்வுநிலை முடிந்து விழக் காத்திருக்கும் முடிகள், தலையைப் பிடித்துவிடும்போதும் கழுவும்போதும் மொத்தமாகக் கையோடு வருகின்றன. நான்கு நாளைக்கு ஒருமுறை கழுவுபவர் அந்த நான்கு நாள் கணக்கையும் ஒரே நேரத்தில் பார்க்கிறார். சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது இதைப் பிரித்தறிய உதவும். இழை முழு நீளமாக, ஒரு முனையில் சிறிய வெண்ணிறக் குமிழோடு இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. அதன் காரணம் மயிர்க்காலில் இருக்கிறது, எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. குமிழ் இல்லாமல், மற்றவற்றைவிடக் குட்டையாக, முனை பிசிறியிருந்தால் அது நடுவில் உடைந்தது. கழுவுவதற்கு முன் பூசும் எண்ணெய் குறைக்கக்கூடியது இந்தக் குட்டைத் துண்டுகளைத்தான், அதுவும் சில வாரங்களில் தெரிய வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் குட்டைத் துண்டுகள் குறையவில்லை என்றால் எண்ணெயை மாற்றுவதைவிட, சூடான கருவிகளையும் இறுகக் கட்டும் பழக்கத்தையும் வேதிச் சிகிச்சையையும் பார்ப்பது பயன் தரும்.

குமிழோடு உதிரும் முடி திடீரென்று மிகுந்தால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, விரைவான எடைக்குறைவு ஏதாவது நடந்ததா என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வட்டமாக வழுவழுப்பான இடைவெளி விழுந்தாலோ, உதிர்ந்த இடத்தில் வலி, எரிச்சல், தோல் மினுமினுத்துத் தழும்புபோல் மாறுதல் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. தழும்பு விடும் வகை முடியுதிர்வில் மயிர்க்கால் நிரந்தரமாக அழிகிறது. அழிந்த இடத்தில் முடி மீண்டும் முளைப்பதில்லை. அத்தகைய ஒருவர் எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்துக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும், தோல் மருத்துவர் காப்பாற்றியிருக்கக்கூடிய மயிர்க்கால்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகிறது.